மழைக்காற்றில் நிறம் மாறிய துகில்

நலம் பெருகுக. கிணறுகள் ஊறுக. ஆடுகள் பலுகுக.

வெயில் தவறாத செம்பொறை நாட்டை நடத்துபவரும், கல்லைப் பிளந்து உள்ளிருப்பதைக் காணும் குலத்தின் தலைவியும், சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்காதவர் என்று உப்பு வணிகர் வாயால் இங்கே பலமுறை கேட்கப்பட்டவருமான கொன்றைநங்கையார் திருமுன்னுக்கு, வானம் மூடியே கிடக்கும் காரோடை நாட்டு அரசர் வாகைவேள் அவர்களின் தமக்கையும், அரண்மனை உள்வாயிலுக்குப் பொறுப்பானவருமான பெரியநாச்சியார் பணிந்து அனுப்பும் ஓலை. தங்கள் கோட்டை நலமா, தங்கள் மலைக்காரர்கள் நலமா, தங்கள் வாசல் வேம்பு இந்தக் கோடையிலும் தளிர்த்ததா என்று கேட்பது முறை. முறைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

காரோடை ஆள் ஒருவனும் கணவாய் தாண்டித் தங்கள் மண்ணை மிதிக்கக் கூடாது என்று தாங்கள் இட்ட ஆணை நியாயமானது. அதை நீக்கச் சொல்லி இந்த ஓலை வரவில்லை. அந்த ஆணைக்குக் காரணமான பிழை எப்படி நடந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அறிந்தபின் தங்கள் மனம் எப்படியோ அப்படி. ஓலை எழுதும் கணக்கர் நடந்ததைச் செப்பனிட்டு, உவமை சேர்த்து எழுதப் பார்த்தார். வேண்டாம், அவரவர் பேசியது பேசியபடியே இருக்கட்டும் என்று அவர் தடுக்கப்பட்டார். ஆகவே அரசவைக்கு ஒவ்வாத பேச்சு இடையிடையே வரும். பொறுத்தருள்க.

தங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வாகைவேள் அரசராகும் முன், கணவாய்ச் சுங்க வழக்கைத் தீர்க்கத் தூதராக அங்கே வந்து ஒரு கோடை முழுவதும் தங்கினார். திரும்பி வந்தபோது உதடு வெடித்து, மூக்குத்தோல் உரிந்து, காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தார். ஆனால் அப்படிச் சிரித்த முகத்தோடு அவரை அவர் தமக்கை அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கே துணி துவைத்துப் போட்டால் கொடியிலிருந்து கையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும் என்றார். அப்பளம் நமுக்கவே நமுக்காது என்றார். இங்கே பிறந்தவர்களுக்கு இவையெல்லாம் கந்தர்வ லோகத்துக் கதை. அந்தக் கதைகளுக்கு நடுவே தங்கள் பெயர் ஒரு தடவை வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. பிறகு அது ஒன்றுதான் வந்தது. முறைப்படி பெண் கேட்டு ஆள் போயிற்று.

தங்கள் நாட்டு வழக்கம் இங்கே கற்றவர்களுக்குத் தெரியும். சாம்பல் நிறக் கல்லின் மேல் தாமரை இதழ் நிறத்தில் பொடி பூத்திருக்கும். அதை உருக்கினால் எழும் புகை ஆளைக் கொல்லும் என்பதால் தங்கள் மலைக்காரர்கள் அதைப் பேய்க்கல் என்பார்கள். கடல் கடந்து வரும் வணிகர்கள் வாயைக் கோணிக்கொண்டு கோபால்ட்டு என்பார்கள். அதைத் திராவகத்தில் கரைத்து எடுத்த உப்பு நீரில் பெண் ஒரு வெள்ளைத் துகிலை நனைப்பாள். நனைந்த துகில் இளஞ்சிவப்பாக இருக்கும். கேட்டவனைப் பிடித்திருந்தால் தன் அடுப்புத் தணலில் தானே அதைக் காட்டி உலர்த்துவாள். அது சங்குப்பூ நீலமாகிவிடும். பிடிக்கவில்லையென்றால் அடுப்பில் காட்டாமல், ஈரத்தோடு பனங்குருத்தில் சுருட்டி, அந்தச் சிவப்பிலேயே அனுப்புவாள். நீலம் என்றால் வா. சிவப்பு என்றால் வராதே. விடை எதுவானாலும் அதே பனங்குருத்துச் சுருளில்தான் வரும், அந்த உப்பில் ஒரு முடிச்சும் கூடவே வரும். வாய்ச்சொல் எதுவும் வராது. ஏன், எதற்கு என்று திருப்பிக் கேட்பதும் கூடாது.

தங்கள் பெட்டி இங்கே வந்து சேர்ந்தது அடைமழையில். ஓலைப்பெட்டி, மேலே தங்கள் முத்திரை, கட்டு கலையவில்லை. அவை கூடியிருந்தது. பல நாட்டு வழக்கங்களையும் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த அமைச்சர் கீரந்தையார்தான் கட்டைப் பிரித்தார். துகில் இளஞ்சிவப்பாக இருந்தது. தொட்டால் ஈரமும் தெரிந்தது.

"செவப்பு" என்றார் கீரந்தையார். "ஈரத்தோட அனுப்பியிருக்காங்க. மறுப்புதான், சந்தேகமே இல்ல."

"இன்னொரு தரம் நல்லாப் பாருங்க" என்றார் வாகைவேள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, இளவரசே. இருந்தா நீலமா இருக்கணும், இல்லன்னா செவப்பா இருக்கணும். இது நீலமா, நீங்களே சொல்லுங்க."

வாகைவேள் அதற்குமேல் கேட்கவில்லை. பெட்டி கொண்டுவந்த தங்கள் ஆளுக்குச் சூடாகச் சோறு போடச் சொல்லிவிட்டு, துகிலையும் உப்பு முடிச்சையும் தாமே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கேள்வி கேட்கக் கூடாது என்பது வழக்கமாயிற்றே. அதனால் அந்த ஆளிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உண்டு முடித்து, தலைக்கு ஓலைக்குடை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

பிறகு தந்தையார் மறைந்து வாகைவேள் அரியணை ஏறினார். எத்தனையோ மழைக்காலங்கள் போயின. அரசர் நன்றாகத்தான் ஆண்டார். கரைகள் உடையவில்லை, களஞ்சியம் குறையவில்லை. பெண் பார்க்கலாமா என்று தமக்கை கேட்கும்போதெல்லாம் "எனக்குப் பசிக்கலக்கா" என்பார். கேட்ட கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் புரியாது. தமக்கைக்கு மட்டும் புரியும்.

கிழக்கே மேகம் விலகும் நாள் இங்கே அரிது. அப்படி விலகினால் அரசர் களஞ்சியக் கூரை மேல் ஏறி நின்றுகொள்வார். அங்கிருந்து தங்கள் மலை வரிசை, காய்ந்த ரொட்டி ஓரம் மாதிரி, பழுப்பாகத் தெரியும். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனதாகச் சொல்வார். அந்தக் கூரையைப் போல் சரிபார்க்கப்பட்ட கூரை இந்த நாட்டில் வேறில்லை.

செம்பொறை உப்பு வணிகர்கள் வந்தால் அவர்களைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஆட்டுக்கு நோய் வந்ததா, புதுச் சுரங்கம் தோண்டினார்களா, எல்லாம் கேட்பார். தங்களைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். வணிகர் எழுந்து வாசல் வரை போனபின் திரும்பக் கூப்பிட்டு, "வேற சேதி ஒண்ணும் இல்லையே?" என்பார். அவர்கள் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை ஒரு வணிகர் தலையாட்டவில்லை.

"சேதின்னா, எங்க அரசியம்மா மேக்கு வாசலை அடைச்சுட்டாங்க, ராசா. காரோடை ஆளு ஒருத்தனும் வரப்படாதாம். உப்புகூட இனி நாங்கதான் சொமந்துட்டு வரணும்."

"ஏன்?"

"அதெல்லாம் எங்களுக்கு எங்க தெரியும்? முன்ன ஒரு வருசம் அந்த மேக்கு வாசல்ல பந்தல் போட்டு வச்சிருந்தாங்க. என்ன விசேசம்னு யாருக்கும் சொல்லல. அது பாட்டுக்கு வெயில்ல காஞ்சு, ஓலை ஓலையாப் பறந்துருச்சு."

அன்றிரவு உணவின்போது அரசர் கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தார்.

"வேண்டாம்னு சொன்னவ அவ. அவளுக்கு எதுக்கு என் மேல கோபம்?" என்றார்.

"அதானே" என்றார் பெரியநாச்சியார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு மழை, வழக்கத்துக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டது. அரியணை மெத்தையில் காளான் முளைத்தது. இது உவமையன்று, உண்மையிலேயே முளைத்தது. இப்படிப்பட்ட காலத்தில் காரோடையில் வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கும்: தணல் சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணிகளைப் பரப்பி உலர்த்துவோம். கூடைக்காய்ச்சல் என்று அதற்குப் பெயர். குழந்தைத் துணி முதல் கோட்டைக் கொடிச்சீலை வரை எல்லாம் கூடைக்கு வரும். அரசருடைய கற்பேழைக்குள் இருக்கும் அந்த ஒரு துகில் மட்டும் வந்ததில்லை. அதை யாரும் தொடக் கூடாது. நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக அவருக்கே மனம் வந்ததில்லை.

இம்முறை பேழையைத் திறந்து பார்த்தவர், துகிலின் ஓரத்தில் பூஞ்சை புள்ளி புள்ளியாக ஏறியிருப்பதைக் கண்டார். தாமே ஒரு தணல் சட்டி வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கூடையைக் கவிழ்த்தார். அரசர் கூடை கவிழ்த்துப் பழகியவர் அல்லர். இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். பிறகு துகிலை விரித்துப் போட்டுவிட்டு, கருகிவிடுமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. கருகுகிறது என்று பதறிக் கையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. வட்டம் பெரிதாயிற்று. கத்தரிப்பூ நிறம் தெளிந்து நீலமாயிற்று. நீலம் ஓரத்துக்கு ஓடிற்று. அவர் கண் முன்னால், சங்குப்பூவைப் பிழிந்து ஊற்றியது போல, துகில் முழுவதும் நீலமாகக் கிடந்தது.

அதைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அரசர் ஓடினார். நடைகூடத்தில் நின்ற காவலர்கள், பகை வந்துவிட்டது என்று வேல்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அவர் போய் நின்ற இடம் மடைப்பள்ளி. அங்கே பெரியநாச்சியார் அன்றைய படிக்கு அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சமையலுக்குத் தலைவியான சிலம்பாயி பெரிய உலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆள் தெரியாத அளவுக்கு ஆவி.

"அக்கா, நீலம்! நீலம்க்கா!"

"எங்கடா நீலம்?"

அரசர் துகிலை விரித்துக் காட்டினார். அது இளஞ்சிவப்பாக இருந்தது.

பெரியநாச்சியார் துகிலைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார், அரிசிப் படியைக் கீழே வைத்தார். "சிலம்பாயி, ராசாவுக்குக் கொஞ்சம் சுக்குத் தண்ணி போடு" என்றார்.

"ராத்திரி கண்ணு முழிச்சிருப்பாரு. எனக்கும் இப்படித்தான் ஒரு தடவ, பூசணிக்காய் எல்லாம் எங்க மாமியா மாதிரித் தெரிஞ்சிச்சு" என்றாள் சிலம்பாயி.

"நீலமா இருந்துச்சு! இப்ப, என் கண்ணு முன்னால!"

"சரி, இருந்துச்சு. உக்காரு முதல்ல."

அரசர் உட்காரவில்லை. ஓர் அடுப்பின் தணலை வெளியே இழுத்து, துகிலை அதன் மேல் பிடித்தார். சிறிது நேரத்தில் கத்தரிப்பூ வட்டம் விழுந்தது. பிறகு நீலம். சிலம்பாயி கரண்டியை உலைக்குள்ளேயே விட்டுவிட்டாள். என்னது இது என்று அவள் கிட்டே வந்து குனிந்து மூச்சு விட, மூச்சுப் பட்ட இடம் மட்டும் சிவந்தது.

"ஆத்தி! என்னையக் கண்டு வெக்கப்படுது!"

"உன் வாயில என்னடி வச்சிருக்க?"

"வெத்தலை கூட இல்ல ஆத்தா, இந்தாங்க, நீங்க ஊதுங்க!"

பெரியநாச்சியார் ஊதினார். இன்னோர் இடம் சிவந்தது. அரசர் ஊதவில்லை. அவர் அடுப்பு மேடையில் இருந்த உப்புச் சாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் உப்புச் சாடியைத் தாங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கல்லாகப் போடும் உப்பு, மழைக்காலத்தில் தானாகக் கசிந்து, அடியில் தண்ணீராக நிற்கும்.

"அக்கா, இதுல யாராவது தண்ணி ஊத்துனாங்களா?"

"யாரு ஊத்துவா? நம்ம ஊருல உப்பு அழும். காத்துல இருக்க ஈரந்தான்."

"அவங்க ஊருல அழாது" என்றார் அரசர் மெதுவாக. "அங்க காத்துல ஒண்ணுமே கிடையாது. அடுப்புல காட்டி ஒரு தடவை காஞ்சா, காஞ்சதுதான். காத்துக்குள்ளயே தண்ணி இருக்கும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

நங்கையாரே, இதுதான் நடந்தது. செம்பொறைப் பெண் எவளும் அதற்குமுன் கணவாய்க்கு இந்தப் பக்கம் துகில் அனுப்பியதில்லை. தாங்கள் நீலமாக அனுப்பினீர்கள். பெட்டி மலை ஏறியதும் மேகத்துக்குள் நுழைந்தது. ஓலைப்பின்னலின் இடுக்கு வழியாக எங்கள் காற்று உள்ளே புகுந்து, தங்கள் விடையை வழியிலேயே மாற்றிவிட்டது. தங்கள் ஆள்மேல் குற்றமில்லை. கட்டுப் பிரிக்க அவனுக்கு உரிமை இல்லை.

அரசர் உடனே நம்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்பிக்கை வந்து, பின்பு அதுவும் பொய்த்துப் போனால் தாங்க முடியாது என்று பயந்தார் போலும். கீரந்தையாரை வரவழைத்தார். தங்கள் துகிலில் ஒரு நூலைக்கூட வெட்டவிடவில்லை. முடிச்சிலிருந்த உப்பைக் கரைத்து, பெரியநாச்சியாரின் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து நனைத்தார்கள். ஒரு துண்டைக் காய்ச்சி நீலமாக்கி, வறுத்த அரிசி நிரம்பிய சாடியில் போட்டு மெழுகால் மூடினார்கள். இன்னொன்றை மழைக்காற்றில் தொங்கவிட்டார்கள். தொங்கியது சிவந்தது. மூடியது மறுநாளும் நீலமாகவே இருந்தது.

மிச்சமிருந்த உப்பு நீரை வெள்ளைப் பீங்கானில் ஊற்றிப் பார்த்தார்கள். அதுவும் இளஞ்சிவப்பு. அதில் சமையல் உப்பை அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்தபோது ஊதா ஏறி, நீலமாகிக்கொண்டே போனது. பீங்கானைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஆறவிட்டால் பழையபடி சிவந்தது. மீண்டும் சூடு, மீண்டும் நீலம். சிலம்பாயிக்கு வேடிக்கை தாங்கவில்லை. "ராசா, இன்னொருக்கா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று அரண்மனையில் அனைவருக்கும் சோறு குழைந்தது.

"பேய்க்கல் நஞ்சு. யாரும் விரலை வாயில வைக்காதீங்க. இந்தப் பாத்திரத்தை எல்லாம் ஒடச்சுப் புதைச்சிடணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் கீரந்தையார்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னீங்களே" என்றார் பெரியநாச்சியார்.

"கண்ணு நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார் அந்த முதியவர். அவர் கண்ணில் நீர் நின்றது. "செவப்பு செவப்பாத்தான் தெரிஞ்சுது. அதுக்குமேல ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணலயே."

எல்லாரும் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம் அது. அப்போதுதான் சிலம்பாயி, சுண்ணாம்புத் தெளிவை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டாள். எதைக் கண்டாலும் அதில் எதையாவது ஊற்றிப் பார்ப்பது சமையல்காரர் குணம். ஊற்றினார்கள். நீலமாகத் திப்பி திப்பியாகத் திரண்டு அடியில் இறங்கிற்று. எல்லாரும் சிரித்தார்கள். வைத்த இடத்தில் வைத்திருக்க, அந்த நீலம் மெல்ல வெளிறி மங்கிய சிவப்பாயிற்று. சரி, சூடு காட்டினால் நீலமாகிவிடும் என்று தணலில் வைத்தார்கள். ஆகவில்லை. உப்பு போட்டார்கள். ஆகவில்லை. மாலைக்குள் அது மேலிருந்து கீழாகப் பழுப்பேறி, காய்ந்த சேறு போல ஆகிவிட்டது. எதைச் செய்தும் அது திரும்பவில்லை.

மற்றவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அரசர் அந்தப் பீங்கான் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பெரியநாச்சியார் போய்ப் பக்கத்தில் அமர்ந்தபோது, அவர் நிமிராமலே பேசினார்.

"அவ அடுப்புல காட்டியிருக்காக்கா. தானே உக்காந்து காட்டியிருக்கா."

"ஆமாடா."

"அந்தப் பந்தல் எனக்குப் போட்டது."

பெரியநாச்சியார் மேடையில் சிந்தியிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்தார்.

"ஓலை ஓலையாப் பறந்துருச்சுன்னு அந்தாளு சொன்னப்ப, நான் அடுத்து என்ன கேட்டேன் தெரியுமா? ஆட்டு விலை கேட்டேன்."

"உனக்குத் தெரியாதேடா."

"எனக்குத் தெரியாது. அவளுக்கு அது தெரியாதுல்ல? அவளைப் பொறுத்தவரைக்கும், வான்னு சொன்னா, நான் போகல. அவ்வளவுதான்." அவர் பீங்கானை லேசாக ஆட்டினார். பழுப்புச் சேறு அசைந்து கலங்கி மீண்டும் படிந்தது. "துணி திரும்பிடுச்சு. இது திரும்பல. அவ மனசு இதுல எதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எழுதிக் கேளு. நான் எழுதறேன்."

"வேண்டாம். நீ எழுதினா அவ அரசியா பதில் எழுதுவா. மரியாதைக்கு ஒரு வரி வரும். அது எனக்கு வேண்டாம்க்கா." பிறகு பீங்கானைத் தள்ளி வைத்தார். "அந்தப் பந்தல்ல அவ காத்து நின்ன மாதிரி நானும் போய் நிக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், வெயில்ல. அவ எத்தனை நாள் நின்னாளோ அத்தனை நாள்."

"எத்தனை நாள்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே. அதான் கஷ்டம்."

"ஆணை போட்டிருக்காடா. காவக்காரன் ஒற்றன்னு நெனச்சு ஈட்டியால குத்திப்புடுவான்."

"காவக்காரன் கேட்டா, தாமசமா வந்துட்டேன்னு சொல்றேன்" என்று சொல்லி, அந்த மழைக்காலத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். அது பார்க்க மனம் தாங்காத சிரிப்பு.

மறுநாள் விடியலில் முத்திரை மோதிரத்தையும் குடையையும் தமக்கையிடம் கொடுத்துவிட்டு, படை இல்லாமல், துணை இல்லாமல், கையில் ஒரு கோலோடு அரசர் கணவாய்ப் பாதையில் ஏறினார். தங்கள் துகிலை எடுத்துச் செல்லவில்லை. அதைக் காட்டித் தம் பக்க நியாயத்தை நிறுவுவது தமக்குப் பிடிக்கவில்லை என்றார். ஓலையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஒரு சொல்லை மீறித்தான் இந்த ஓலை வருகிறது. அதற்கான தண்டனையை அவர் திரும்பி வந்தால் தருவார். தாங்கள் தந்தாலும் ஏற்பதற்குப் பெரியநாச்சியார் காத்திருக்கிறார்.

ஆகவே, தங்கள் மேற்கு எல்லைக் கல்லருகே, தோல் உரிந்து, நிழல் தேடி நகரத் தெரியாமல் ஓர் ஆள் நிற்பதாகக் காவலர் வந்து சொன்னால், அவர் ஒற்றர் அல்லர். வழி தவறியவரும் அல்லர். தாங்கள் ஒரு காலத்தில் வரச்சொன்னவர். அவரை உள்ளே அழைக்க வேண்டும் என்று காரோடை கேட்கவில்லை. கேட்கும் உரிமையை எங்கள் காற்றும் எங்கள் அறியாமையும் சேர்ந்து கெடுத்துவிட்டன. அவர்மேல் ஈட்டி பாயாமல் இருக்க ஒரு சொல்லும், அவர் கேட்டு வந்ததற்குத் தங்கள் வாயாலேயே ஒரு விடையும் மட்டும் வேண்டப்படுகின்றன.

காரோடை அரண்மனையின் ஆணைகள் இவை. இவ்வோலை கொண்டு ஓடும் ஆள், அரசர் நடக்கும் பாதையை விட்டுக் குறுக்குப் பாதையில் ஏறி, அவருக்கு முன்னே தங்கள் வாசலை அடைய வேண்டும். எல்லையில் ஆயுதத்தைக் கீழே வைத்து, ஓலையை மட்டும் உயர்த்திப் பிடிக்க வேண்டும். விடையாகத் துகில், பூ, நிறம் எதையும் அவன் பெற்று வரலாகாது. தங்கள் வாய்ச்சொல்லைச் சொன்னபடியே நெஞ்சில் ஏற்றி வர வேண்டும். இனி இந்த அவையில் எந்த நாட்டு வழக்கத்தின் பொருளையும், அந்த நாட்டு ஆளையே கேட்காமல் தீர்மானிக்கக் கூடாது. இந்த வரியை அமைச்சர் கீரந்தையார் தம் பெயரால் சேர்க்கச் சொன்னார், பிழை தம்முடையது என்றும் எழுதச் சொன்னார்.

அரசர் விட்டுச் சென்ற மோதிரத்தாலேயே இவ்வோலைக்கு அரக்கு முத்திரை இடப்பட்டது. தங்கள் கோல் ஓங்குக. தங்கள் அடுப்பு அணையாதிருக்க.

முத்திரைக்கு வெளியே ஒரு வரி. இது ஆணையன்று, அரச காரியமும் அன்று. விடை முடியாது என்பதானால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் சொல்லுமுன் அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்ததும் சொல்லுங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. அவராகக் கேட்கமாட்டார்.